பிரசங்க மேடை சொல்லாத சோதனை

சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரையுள்ள நாட்களில் தமிழ்நாட்டின் எந்தத் தேவாலயத்துக்குள் நுழைந்தாலும் ஒரு சொல்லைக் கேட்காமல் வெளியே வர முடியாது. சோதனை. கத்தோலிக்கர் அந்த நாட்களைத் தவக்காலம் என்பார்கள், சி.எஸ்.ஐ.க்காரர்கள் லெந்து நாட்கள் என்பார்கள். பிரசங்கம் என்னவோ ஒன்றுதான். இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் பட்டினி கிடந்தார், பிசாசு மூன்று முறை வந்து சோதித்தது, அவர் வென்றார், நீங்களும் வெல்லுங்கள். அதன்பின் பட்டியல் வரும். கைப்பேசி, சினிமா, மது, சீரியல், பணம், கண்களின் இச்சை, கல்லூரிக் காதல். பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. என் அம்மா காலத்தில் ரேடியோ இருந்த இடத்தில் இன்று ரீல்ஸ் இருக்கிறது.

பிளஸ் டூ முடித்த விடுமுறையில் ஒரு வாலிபர் முகாமுக்குப் போனேன். மூன்று நாளும் ஒரே தலைப்பு: சோதனையை மேற்கொள்வது எப்படி. ஆண் பிள்ளைகளுக்குச் சோதனை நாங்கள். எங்களுக்குச் சோதனை, துப்பட்டாவை ஒழுங்காகப் போடாத நாங்களே. ஏவாள் தலையில் ஏற்றிய பழியை இறக்கிவைக்க இன்னும் ஒருவருக்கும் மனம் வரவில்லை, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது இது: அந்த மூன்று நாளில் பேசிய அத்தனை பேரில் ஒருவர் வாயிலும் சாதி என்ற சொல் வரவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் எந்த ஊர்ச் சபை எந்த ஊர்ச் சபையோடு உட்கார்ந்தது, எது தள்ளி உட்கார்ந்தது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் தலித் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவள். பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் ஆவணங்களில் சாதி பற்றி நடந்த சண்டைகளை முனைவர் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாள்களைப் புரட்டப் புரட்ட ஒன்று உறுதிப்படுகிறது. சோதனை என்ற பெரிய சொல்லைத் தமிழ்க் கிறித்தவம் தனிமனிதரின் உடலுக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் அடைத்துப் பூட்டிவிட்டது. பூட்டியதில் லாபம் இருந்தது. சபை என்ற முறையில், அமைப்பு என்ற முறையில் தான் விழுந்த மிகப்பெரிய சோதனைக்குப் பெயர் வைக்காமலே நானூறு ஆண்டுகளை ஓட்டிவிட முடிந்தது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். தமிழில் சோதனை என்றால் பரீட்சை. வலையில் இழுக்கும் தூண்டுதலும் அதுவே. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான பெய்ராஸ்மோஸுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தின் கடைசியில் இந்தச் சொல் வரும் இடத்தில், எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதே என்ற பொருளில் சீர்திருத்தச் சபையார் சொல்கிறார்கள். சோதனையில் விழ விடாதே என்ற பொருளில் கத்தோலிக்கர் சொல்கிறார்கள். 2017இல் போப் பிரான்சிஸ், கடவுளே மனிதரைச் சோதனைக்குள் தள்ளுவது போன்ற மொழிபெயர்ப்பு சரியில்லை என்று சொன்னபோது ஐரோப்பாவில் பெரிய விவாதம் நடந்தது. நம் ஊர்க் கத்தோலிக்கப் பாட்டிகள் அதற்கு வெகு முன்பிருந்தே அவர் கேட்ட பொருளில்தான் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிரான்சிஸ் சொன்னதற்கு ஆதாரம் பைபிளுக்குள்ளேயே இருக்கிறது. யாக்கோபு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம். கடவுள் ஒருவரையும் சோதிப்பதில்லை, அவரவர் ஆசையே அவரவரை இழுத்துச் சிக்கவைக்கிறது, ஆசை கருத்தரித்துப் பாவத்தைப் பெறுகிறது என்கிறது அது. லெந்து காலப் பிரசங்கிகளுக்கு இந்தப் பகுதி வெல்லக்கட்டி. எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

பக்கத்தைத் திருப்பினால் இரண்டாம் அதிகாரம். அங்கே யாக்கோபு ஒரு காட்சியைச் சொல்கிறார். சபை கூடியிருக்கிறது. விரலில் பொன்மோதிரமும் உடம்பில் பளபளப்பான உடையும் போட்ட ஒருவர் வருகிறார், கூடவே அழுக்குத் துணியோடு ஓர் ஏழையும் வருகிறார். மோதிரக்காரருக்கு நல்ல இருக்கை. ஏழைக்கு, அங்கே நில், இல்லாவிட்டால் என் கால்மாட்டில் உட்கார். இப்படிச் செய்கிற சபையைப் பார்த்து, நீங்கள் பாவம் செய்கிறீர்கள், சட்டத்தை மீறியவர்கள் என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார். சோதனையைப் பற்றிப் பேசிய அதே மனிதர், அதே கடிதத்தில், ஒரே ஒரு அதிகாரம் தாண்டி, தேவாலயத்தில் யாரை எங்கே உட்காரவைக்கிறோம் என்பதற்கு வருகிறார். அவருக்கு இரண்டும் தொடர்ச்சி. நம் பிரசங்கிகளுக்கு முதல் அதிகாரத்தோடு நிருபம் முடிந்துவிடுகிறது. இரண்டாம் அதிகாரத்தை எடுத்தால் தங்கள் ஆலயத்தின் பெஞ்சு வரிசையைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

இனி வனாந்தரம். அந்த மூன்று சோதனைகளில் ஒன்றுகூட நம் முகாம் பட்டியலில் இல்லை என்பதை யாராவது கவனித்திருக்கிறீர்களா? பெண் இல்லை, மது இல்லை, கேளிக்கை இல்லை. பசித்தவனிடம் கல்லை அப்பமாக்கு என்றது முதல் சோதனை. கோயில் உச்சியில் நிறுத்தி, குதி, தேவதூதர்கள் தாங்குவார்கள் என்றது இன்னொன்று. உயர்ந்த மலையில் ஏற்றி உலகத்து அரசுகளையெல்லாம் காட்டி, என்னை ஒருமுறை வணங்கு, எல்லாம் உனக்கு என்றது மற்றொன்று. சோறு, கோயில், ஆட்சி. மூன்றுமே அதிகாரத்தைப் பற்றியவை. கோயில் உச்சியில் பிசாசு சங்கீத வசனத்தைச் சரியாக மேற்கோள் காட்டுகிறது. சோதனைக்காரன் கொம்பும் வாலுமாக வருவதில்லை, வேதப் புத்தகத்தோடு வருகிறான் என்பதைக் கதை சொன்னவர்கள் அன்றே தெரிந்துவைத்திருந்தார்கள்.

மலையுச்சிப் பேரம் தமிழ் மண்ணில் நடந்தது 1606க்குப் பிறகு. இத்தாலியப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் தெ நோபிலி அந்த ஆண்டு மதுரைக்கு வந்தார். ஏற்கெனவே அங்கே ஒரு பாதிரியார் பரதவர்களுக்காகச் சிறு கோயில் நடத்திக்கொண்டிருந்தார். நோபிலி அதிலிருந்து விலகித் தனி வீடு பார்த்தார், காவி கட்டினார், பூணூல் போட்டார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். தான் பரங்கி இல்லை, ராஜ குலம் என்றார். கிறித்தவராவதால் யாரும் தம் குலத்தையோ வழக்கத்தையோ விட வேண்டியதில்லை என்று அறிவித்தார். தமிழ் உரைநடைக்கு அவர் செய்ததை நான் மறுக்கவில்லை, தத்துவ போதகர் என்று பாடநூல்கள் கொண்டாடட்டும். ஆனால் அந்தப் பேரத்தின் விலை என்ன? 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் சந்தனத்துக்கும் அனுமதி தந்தார். பின்னர் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் போய்வரப் பண்டாரசாமிகள் என்று தனி வகைப் பாதிரிமார் உருவானார்கள். 1744இல் ரோமாபுரி வெளியிட்ட ஆணையில், சாகக் கிடக்கும் பறையருக்குக்கூட வீட்டுக்குள் போய்க் கடைசி அருட்சாதனம் கொடுக்காத குருக்களைப் பற்றிப் பேச வேண்டிய நிலை வந்தது. கண்டுபிடித்த தீர்வு, பறையருக்கென்று தனிக் குருக்கள். உலகத்து அரசுகளைக் காட்டி என்னை வணங்கு என்றவனுக்கு இயேசு சொன்ன பதில் முடியாது என்பது. மதுரையில் சொன்ன பதில், வணங்கலாம், அது வெறும் சமூக வழக்கம்.

‘சமூக வழக்கம்’ என்ற இந்தச் சாக்கை நினைவில் வையுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

சீர்திருத்தச் சபையார் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நிமிர்ந்து உட்கார வேண்டாம். 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் மிஷனின் கோயில்களிலும் வெள்ளாளக் கிறித்தவரும் பறையர் கிறித்தவரும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். திருவிருந்துக் கிண்ணம் முதலில் யார் உதட்டுக்குப் போவது என்பதில்தான் பெரிய போர். ஒரே கிண்ணம், ஒரே பந்தி என்று 1820களில் புதிய மிஷனரிகள் வற்புறுத்தத் தொடங்கியதும் தஞ்சாவூர் கொதித்தது. இன்றும் கீர்த்தனை பாடும்போதெல்லாம் நாம் பெருமையோடு பெயர் சொல்லும் வேதநாயக சாஸ்திரியார் அந்தச் சண்டையில் வெள்ளாளர் பக்கம் நின்று எழுதினார். மிஷனரிகள் இழைத்த கொடுமைகள் என்று அவர் வரிசைப்படுத்தியவற்றில், எல்லாச் சாதியையும் நற்கருணையில் ஒன்றாகக் கலப்பதும் ஒன்று. சாதி என்பது குடிமை வழக்கம், மத விஷயமல்ல என்பதுதான் அவர்கள் வாதம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுமையாக, இறுதியாகக் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். கிறிஸ்துவை விட முடிந்தது, சாதியை விட முடியவில்லை. சோதனையில் விழுவது என்றால் இதைவிடத் தெளிவான உதாரணம் உலகத் திருச்சபை வரலாற்றில் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. லெந்து காலப் பிரசங்கத்தில் இதை ஒருவரும் எடுப்பதில்லை.

கல்லிலும் காரையிலும் எழுதிய வரலாறும் உண்டு. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்க ஆலயத்துக்கு இரண்டு கூடங்கள். கால்சட்டையின் இரண்டு கால்கள் போலப் பிரிந்து, சேருமிடத்தில் பீடம். ஒரு காலில் வெள்ளாளர், இன்னொரு காலில் நாடார். 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் தடுப்பை இடித்தார்கள். வெள்ளாளர் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். சாதி உரிமை என்று ஒன்றைக் கோயிலுக்குள் கோர முடியாது என்பதை ஒரு காலனிய நீதிமன்றம் பக்தர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அது பழங்கதை என்பவர்கள் எறையூருக்கு வரட்டும். அன்றைய விழுப்புரம் மாவட்டம், இன்றைய கள்ளக்குறிச்சி. செபமாலை மாதா பங்கில் வன்னியரும் கத்தோலிக்கர், தலித்துகளும் கத்தோலிக்கர். கல்லறை தனித்தனி. பொறுத்தது போதும், எங்கள் சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக்குங்கள் என்று கேட்டு 2008 மார்ச்சில் தலித் மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9 அன்று அவர்கள் தெருவுக்குள் புகுந்து தாக்குதல் நடந்தது. போலீஸ் சுட்டதில் வன்னியர் தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். அந்த இரண்டு உயிர்களும் சாதிக்குத்தான் பலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாட்களை எண்ணிப் பாருங்கள். அது தவக்காலம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்கெங்கோ பீடங்களிலிருந்து சோதனையைப் பற்றிப் பிரசங்கம் நடந்திருக்கும். செத்த பிறகும் விடுதலை இல்லை என்பதற்குத் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே எழுப்பிய சுவர் சாட்சி. உயிர்த்தெழுதல் நாளில் எந்தப் பக்கத்துப் பிணம் முதலில் எழுவது என்பதற்கும் யாராவது ஏற்பாடு செய்துவைத்திருப்பார்கள்.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை அம்பேத்கர் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறார். மதம் மாறிய கிறித்தவர்களின் நிலை குறித்து அவர் எழுதிய கட்டுரை அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை, 1989இல் எழுத்தும் பேச்சும் தொகுதி ஐந்தில் அச்சானது. தீண்டப்படாதவர் கிறித்தவரானதும் முதலில் கற்பது என்ன என்று கேட்கிறார். உன் வீழ்ச்சிக்குக் காரணம் உனக்குள் இருக்கும் பாவம் என்பது. ஆனால் அவர் வீழ்ந்தது சுற்றியிருக்கும் சமூகத்தின் அநீதியால். காரணத்தை உள்ளே தேடச் சொன்னதும் வெளியே இருக்கும் சுவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அந்தப் போதனை போராட்டத்தின் முனையை மழுக்கிவிடுகிறது என்பது அம்பேத்கரின் குற்றச்சாட்டு. நம் வாலிபர் முகாமில் நடப்பது அச்சு அசலாக இதுதான். தெருவில் அவமானப்பட்டு வந்த பதினேழு வயசுப் பெண்ணை உட்காரவைத்து, உன் மனசுக்குள் என்ன அசுத்தம் இருக்கிறது என்று பார் என்கிறோம்.

ரொட்டியின் சோதனையும் இருக்கிறது. அதைச் சந்திப்பவர்கள் எங்கள் மக்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. சாலையோரம் செருப்புத் தைத்த ஒருவர், அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்குக் கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் போனார். சூசை வழக்கு என்று சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாதாம். தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிட வேண்டும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. அதனால் வீட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், இது அரசமைப்பின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரசங்க மேடைக்கும் இது விசுவாச துரோகம். இரண்டு பேருக்கும் நான் கேட்பது ஒன்றுதான்: பசித்தவர் முன் ரொட்டியைக் காட்டி மதத்தை விடு என்பது யார்? சோதிக்கிறவரை விட்டுவிட்டுச் சோதிக்கப்படுகிறவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

கத்தோலிக்கர் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்யும் தலையான பாவங்கள் ஏழு. அதன் வேர் நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ் வகுத்த எட்டு எண்ணங்கள், ஆறாம் நூற்றாண்டில் பெரிய கிரகோரி அதைச் சுருக்கி ஏழாக்கினார். அந்தத் துறவிகள் பெருந்தீனியையும் காமத்தையும்விட அகந்தைக்கே அதிகம் பயந்தார்கள். மற்றவை தெரிந்து வரும், அகந்தை பக்தியின் வேடத்தில் வரும். சரி, இதுவரை எந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலாவது யாராவது முழந்தாளிட்டு, சாமி, எனக்குச் சாதிப் பெருமை இருக்கிறது, மன்னியும் என்று சொன்னதுண்டா? அப்படிச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சாமியாவது கற்றுக்கொடுத்ததுண்டா?

கிறித்தவ மணமக்கள் விளம்பரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆர்.சி. வன்னியர், சி.எஸ்.ஐ. நாடார், ஆர்.சி. உடையார். கீழே சின்ன எழுத்தில், அதே இனத்தில் இந்துவும் சம்மதம். அந்நிய நுகம் கூடாது என்று பிற மதத் திருமணத்தைக் கண்டிக்கும் அதே சபையில், சாதி ஒன்றாக இருந்தால் நுகம் அந்நியமாவதில்லை. சாதி மாறினால், கூடவே ஞானஸ்நானம் எடுத்த பையனும் அந்நியன். அவனோடு பேசுகிற பெண் சோதனையில் விழுந்தவள். அவளுக்காக விசேஷ ஜெபம் நடக்கும். சோதனை என்ற சொல்லையே சாதியின் காவல்காரனாக மாற்றி வைத்திருக்கிறோம், பார்த்தீர்களா?

இதையெல்லாம் எழுதும்போது இரண்டு பக்கமிருந்தும் கேள்வி வரும். சபைக்காரர்கள் கேட்பார்கள்: தேவாலயங்களை உடைக்கிற காலத்தில் இதைப் பேசி சங்கிகளுக்குத் தீனி போடலாமா? ஐயா, சங்கிகளுக்குத் தீனி போடுவது எறையூர், நான் அல்ல. எதிரியைக் காட்டி வீட்டுக்குள் இருக்கும் ஒடுக்குமுறையை மூடச் சொல்வதும் ஒரு சோதனைதான், அதில் விழ எனக்கு விருப்பமில்லை. மதமாற்றத்தடைச் சட்டம் வந்தால் அதை எதிர்த்து உங்களோடு தெருவில் நிற்பேன். சுவரையும் இடிக்கச் சொல்வேன்.

இன்னொரு கேள்வி நம் தோழர்களிடமிருந்து வரும். பைபிளைப் போய் ஏன் குடைகிறாய், மதத்தையே விட்டு வெளியே வா. விடுவதும் இருப்பதும் அவரவர் முடிவு. ஆனால் தமிழ்நாட்டுக் கிறித்தவர்களில் பெரும்பகுதி எங்கள் மக்கள். பள்ளிக்கூடமும் மருத்துவமும் சுயமரியாதையும் தேடி எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் அந்தக் கோயிலுக்குள் போனார்கள், மண் சுமந்து அதைக் கட்டியதும் அவர்களே. தாங்கள் கட்டிய வீட்டை ஆதிக்க சாதிக்கு விட்டுவிட்டு அவர்கள் ஏன் வெளியேற வேண்டும்? ஆர்விந்த் நிர்மல் 1980களில் தலித் இறையியல் என்று தொடங்கியது வீட்டுக்குள்ளிருந்து எழுப்பிய கலகம். அதைச் சாதியொழிப்பு இயக்கம் தன்னுடைய கலகமாகப் பார்க்காதது நம் குறை.

தீர்மானங்களுக்குப் பஞ்சமில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையே வெளியிட்டது, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். மகிழ்ச்சி. ஆனால் ரோமில் சிவப்புத் தொப்பி கிடைத்த சமூகத்துக்குச் சொந்த ஊரில் தேர்ப்பவனி தெருவுக்குள் வருகிறதா என்பதுதான் என் கேள்வி.

வரும் லெந்து காலத்துக்கு என் தலைமுறைக் கிறித்தவ நண்பர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். சோதனையைப் பற்றிப் பிரசங்கம் தொடங்கியதும் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் பங்கில் கல்லறை எத்தனை, சவவண்டி எத்தனை, தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது, பேராயத் தேர்தலில் வாக்கு எந்தக் கணக்கில் விழுகிறது என்று பங்குப் பேரவையில், கமிட்டியில், எல்லோர் முன்னிலும் கேளுங்கள். கல்யாண விளம்பரத்தில் சாதி போடும் சபைப் பத்திரிகைக்கு சந்தாவை நிறுத்துங்கள். ஆதிக்க சாதியில் பிறந்த கிறித்தவ நண்பர்களே, பாவசங்கீர்த்தனம் இந்த முறை உங்கள் பக்கமிருந்து தொடங்கட்டும். நாற்பது நாள் கறி சாப்பிடாமல் இருப்பதை எங்கள் வீடுகளில் வந்து சொல்லாதீர்கள். ஈஸ்டருக்கு வாருங்கள், மாட்டுக்கறி சமைத்து வைக்கிறோம், உட்கார்ந்து சாப்பிடுங்கள்.